உப்புப் பாலத்தில் எறும்பு

நான் வேதியியல் படிக்கப் போனதற்கு வேதியியல் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. பிளஸ் டூவில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்ததும் மற்ற துறைகள் எல்லாம் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டன. வேதியியல் மட்டும் கொஞ்சம் அசந்திருந்தது, நுழைந்துவிட்டேன். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, ஏக சந்தோஷம். கெமிஸ்ட்ரி என்றால் சோப்பு, செண்டு, சாயம், ஊதுபத்தி என்று ஒரு நினைப்பு அவருக்கு. "இவன் படிச்சிட்டு வந்தா நாமளே சோப்பு போட்டுக்கலாம், இன்னா சொல்றீங்க?" என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெளிவு இருந்தது.

இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி நடந்த வருடங்கள் அவை. கல்லூரி ஒரு மாதம் திறந்திருந்தால் ஒரு வாரம் மூடியிருக்கும். திறந்திருந்த நாட்களில் ஒன்றில்தான் எங்களுக்கு மின்வேதியியல் தொடங்கியது.

எங்கள் துறைத் தலைவியை எல்லாரும் 'மேடம்' என்று மட்டும்தான் சொல்வோம். மெல்லிய குரல். ஆனால் அந்தக் குரல் எழுந்தால் கடைசி பெஞ்சில்கூட யாரும் இருமமாட்டார்கள். அன்றைக்கு ஒரு பீக்கரில் மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டைக் கரைத்து மேசைமேல் வைத்தார். வயலுக்கு மருந்தடிக்க வாங்கிப்போகிற அதே மயில்துத்தம்தான். கண்ணாடிக்குள் வெயில் படும்படி வைத்தபோது அது வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில் ஒரு இரும்பு ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட்டார். கொஞ்ச நேரம் எங்களோடு பேசிவிட்டு வெளியே எடுத்தார். ஆணி செம்பு நிறத்தில் இருந்தது.

"யாரும் மந்திரம் போடல," என்றார் மேடம். "இரும்பு தன்கிட்ட இருந்த எலக்ட்ரானைக் குடுத்துட்டு தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு. தண்ணியில இருந்த செம்பு அதை வாங்கிக்கிட்டு மேல வந்து ஒக்காந்துடுச்சு. குடுக்கறது ஒரு பாத்திரம், வாங்கறது ஒரு பாத்திரம்னு ரெண்டையும் பிரிச்சு வெச்சு, நடுவுல ஒரு கம்பி போட்டீங்கன்னா அதான் பேட்டரி."

யாரும் வழுக்கி விழாமலேயே ஒரு வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். வீட்டுக்கு ஓடி அத்தாவிடம் சொன்னேன், ஆணி செம்பாகிவிட்டது என்று. அவர் உடனே கேட்டார்: "அப்ப சோப்ப வுட்டுட்டு ஆணியப் பாக்கலாமா?" மேலே மட்டும்தான் செம்பு, உள்ளே இரும்புதான் என்று விளக்கினேன். "உன்ன மாதிரியே," என்றார்.

லேபில் எனக்கு வாய்த்த கூட்டாளி கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். ஜோடி பிரிக்கும்போது எல்லாரும் எல்லாரோடும் சேர்ந்துகொண்டார்கள். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். இங்கிலீஷ் புரியவில்லை என்பதால் அவனை யாரும் சேர்க்கவில்லை. என்னைச் சேர்க்காததற்குக் காரணம் என் விளையாட்டுப் புத்தி, அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அவன் என்னைப் 'பாய்' என்பான். நான் அவனை 'மலை' என்பேன்.

ஆணி செம்பான அன்றைக்கு மத்தியானம் அவன் என்னிடம் ஒன்று கேட்டான்.

"பாய், எங்க ஊர்ல கரண்டு இல்ல. ரேடியோ, டார்ச்சு எல்லாம் பேட்டரிதான். பேட்டரி செத்துப்போச்சுன்னா கூரை மேல வெயில்ல வெப்போம். சாயங்காலம் எடுத்துப் போட்டா ரேடியோ கொஞ்ச நேரம் பாடும். ஏன் பாய்?"

"அதுக்கும் நம்மள மாதிரி லீவு வேணும்டா."

அவன் சிரித்தான். ஆனால் விடவில்லை. மேடம் வரும்வரை வாசலில் நின்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தான். சூட்டில் உள்ளே இருக்கிற அயனிகள் கொஞ்சம் வேகமாக நகரும், அதனால் மிச்சம் மீதி இருக்கிற உயிர் வெளியே வரும் என்று அவர் சொன்னாராம். "ரெண்டு வருசமா யாரக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன் பாய்," என்றான். பதில் கிடைத்ததற்காக ஒருவன் இப்படிச் சந்தோஷப்படுவதை நான் பார்த்ததே இல்லை. என் வாழ்க்கையில் கேள்விகள் வருவது பரீட்சைத் தாளில் மட்டும்தான். அவை வராமல் இருந்தால்தான் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் பரீட்சை அவனை விட்டுவைக்கவில்லை. மலைப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில் படித்தவன். இங்கே கேள்வி இங்கிலீஷ், பதில் இங்கிலீஷ். முதல் இரண்டு டெஸ்டிலும் அவன் தாளில் மேடம் போட்ட சிவப்பு மை, அவன் எழுதிய நீல மையைவிட ஜாஸ்தி. இரண்டாவது தாளைக் கொடுத்த அன்று மேடம் அவனை நிறுத்தி வைத்தார். கூட்டாளி என்ற முறையில் நானும் நின்றேன்.

"இது தண்டனை இல்லப்பா," என்றார். "ஹிஸ்டரியில ஒரு சீட்டு காலியா இருக்கு. அங்க தமிழ் மீடியம். இந்த மாசத்தோட மாத்திக்கிற டைம் முடிஞ்சிடும். நீ இங்க கஷ்டப்படறதப் பார்க்க முடியல."

"மேடம், இன்னோரு வாட்டி பாக்கறேன் மேடம்."

"இன்னொரு வாட்டின்னா?"

"செஞ்சு காட்றேன். எழுதறதுதான் வரல."

மேடம் யோசித்தார். "சரி. அடுத்து டேனியல் செல் வருது. எல்லாரும் கட்டணும். நீ அதைக் கட்டி, வகுப்பு முன்னாடி நின்னு ஏன், எதுக்குன்னு வெளக்கணும். வெளக்கிட்டா இங்கயே இரு. முடியலன்னா அன்னிக்கே ஹிஸ்டரிக்கு எழுதிக் குடுத்துடணும்." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கோமாளி உதவி பண்றானோ இல்லியோ, உபத்திரவம் பண்ணாம பாத்துக்கோ."

வெளியே வந்ததும் நான், "ஹிஸ்டரின்னா நல்லதுதானடா, ராஜாவெல்லாம் செத்துப் போயிட்டான், யாரும் வந்து தப்புன்னு சொல்ல மாட்டான்," என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கப்பன் ஒத்துக்க மாட்டாரு பாய். இந்தப் படிப்புக்குன்னுதான் அனுப்புனாரு. அது மாறுதுன்னா சாமை வெதைக்க வந்துடுன்னு சொல்லிட்டாரு. ரெண்டாவது டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"மாற மாட்டேன்னு சொன்னேன்."

அதற்குமேல் நான் எதையும் தமாஷாக்கவில்லை. எனக்கு அது ரொம்பச் சிரமமான காரியம் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

டேனியல் செல் என்பது கேட்கும்போது பயமுறுத்தும், பார்த்தால் எளிது. ஒரு பீக்கரில் துத்தநாக சல்பேட், அதில் ஒரு துத்தநாகத் தகடு. இன்னொரு பீக்கரில் மயில்துத்தம், அதில் ஒரு செம்புத் தகடு. இரண்டு தகட்டையும் கம்பியால் வோல்ட்மீட்டரில் இணைக்க வேண்டும். இரண்டு பீக்கருக்கும் நடுவே, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று கவிழ்த்து வைத்த ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய். அதற்குள் பொட்டாசியம் குளோரைடு என்கிற உப்பைக் கலந்து காய்ச்சி ஆறவைத்த அகர் என்னும் கூழ் கட்டியாக இருக்கும். அதற்குப் பெயர் உப்புப் பாலம். எனக்கு அந்தப் பாலம் எதற்கென்று புரியவேயில்லை. கம்பிதான் இருக்கிறதே, அதில் போகட்டுமே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மேடம் கவலையோடு வந்தார். லேபில் அகர் தீர்ந்துவிட்டது. மெட்ராசிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவில்லை. மறியல் வரப்போகிறது என்று லாரிக்காரர்கள் சரக்கே ஏற்றுவதில்லை. அகர் என்றால் கடல்பாசியிலிருந்து எடுப்பது என்று சொல்லி, ஒரு மிச்சத் துண்டைக் காட்டினார். வெள்ளை நரம்பு போல இருந்தது.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது, நான் சிறுநீர் கழிக்கத்தான் கேட்கப் போகிறேன் என்று.

"மேடம், இது எங்க கடையில இருக்குது. கடல்பாசி. நோன்பு நேரத்துல எங்க வூடுங்கள்ல பால் ஊத்தி காய்ச்சி, துண்டு போட்டு சாப்புடுவோம். நோன்பு முடிஞ்சும் ஒரு டின்னு மிச்சம் கெடக்குது."

மேடம் முகம் மலர்ந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த உற்சாகத்தில் வகுப்பு முழுக்கத் தேவையான குழாய்களையும் ஒரு பொட்டலம் பொட்டாசியம் குளோரைடையும் என்னிடமே கொடுத்துவிட்டார். லேபுக்கு வந்து காய்ச்சினால் ஆறிக் கட்டியாக நேரம் போதாது, முந்தின நாளே வீட்டில் காய்ச்சி ஊற்றிக் கொண்டுவா என்றார். கொடுத்த கையோடு அவர் ஒரு நொடி தயங்கியதை நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போக என் கூட்டாளி ஏறிய பஸ்தான் மலைக்குப் போன கடைசி பஸ். மறுநாளிலிருந்து மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை. கடைத்தெருவில் எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் குனிந்து கையை நீட்டி வாங்கிப் போனார்கள். "கள்ளக்குறிச்சியே இன்னிக்கு என் கடைக்குக் குனிஞ்சுதான் வருது," என்று அத்தா இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பெருமைப்பட்டார்.

இட ஒதுக்கீடு கேட்கிறவர்களுக்குக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. அதை நான் எங்கள் வகுப்பிலேயே பார்த்தேன். களமருதூரிலிருந்து வந்த ஒருவன் சனி, ஞாயிறு நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை கைவிரல் வெடிப்போடு அமிலத்தைத் தொடுவான். அவன் அண்ணன் மறியலில் இருந்தான். "எனக்கு சீட்டு வேணும்னு எங்கண்ணன் மரம் வெட்றான். இருக்கற சீட்டுக்கு நான் வர்ற ரோட்டுலதான் அந்த மரம் கெடக்குது," என்று அவனே சொல்லிச் சிரிப்பான். பழங்குடி ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கிய மலைக்காரனை அவன் ஒருமுறை சீண்டினான்: "நாங்க ரோட்ல படுத்துகினு கேக்கறத, நீ மலை மேல குந்திகினே வாங்கிட்டியேடா." அதற்கு என் கூட்டாளி அமைதியாக, "எங்க ஊர்ல ரோடே இல்லியே, எங்க படுக்கறது?" என்றான். களமருதூர்க்காரன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதிலிருந்து இரண்டு பேரும் ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைக்கிற சிநேகிதம்.

கல்லூரி திறக்கும் நாளுக்கு முந்தின நாள் மாலை, கடல்பாசி, பொட்டலம், குழாய்கள் எல்லாவற்றையும் அடுப்படியில் பரப்பினேன்.

"யம்மா, இத காய்ச்சி, இந்தப் பொட்டலத்துல இருக்கறத கலந்து, இந்தக் குழாய்ங்கள்ல ஊத்தி வெச்சிடும்மா."

"இன்னாடா இது?"

"கெமிக்கல்மா."

"குடிச்சா செத்துப் பூடுவாங்களா?"

"யாரும் குடிக்கப் போறதில்லம்மா. உப்பு மாதிரிதான்."

"சரி, வெச்சிட்டுப் போ. உங்கத்தா கூப்புடறாரு பாரு."

அத்தா கூப்பிட்டார். போய்விட்டேன். காலையில் பார்த்தபோது குழாய்கள் எல்லாம் ஒரு அண்டாவுக்குள் ஈரத்துணி போர்த்தி நின்றன. உள்ளே கண்ணாடிக்குள் கண்ணாடி போலக் கட்டியாகியிருந்தது. ஒரு குமிழி இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. சுத்தமான வேலை என்றால் அது. செய்தது நான்தான் என்கிற மாதிரி நடையை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

மேடம் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார். அதற்கப்புறம் கதவைப் பார்த்தார். "உன் ஜோடி எங்க?"

"மலை ரோட்டுல இன்னும் மரத்த எடுக்கல மேடம். பஸ் ஓடல."

"இன்னிக்குத்தான் கடைசி. ஹிஸ்டரியில பதில் கேக்கறாங்க." அவர் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "முதல்ல மத்தவங்க கட்டட்டும். அதுவரைக்கும் பார்ப்போம்."

எல்லாரும் பீக்கரைக் கழுவத் தொடங்கினார்கள். நான் தனியாக எங்கள் மேசையில் தகட்டைத் துடைத்துக்கொண்டு, அவன் வராவிட்டால் அவனுக்குப் பதில் நானே விளக்கிவிடலாமா என்று யோசித்தேன். விளக்கினால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஹிஸ்டரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது.

அப்போது வந்தான். பேண்ட் முழங்கால்வரை மடித்திருந்தது. காலெல்லாம் செம்மண். செருப்பு கையில். தோளில் ஒரு மஞ்சப் பை.

"எப்புட்றா வந்த?"

"எறங்குனேன்," என்றான். அவ்வளவுதான். விடிவதற்கு முன் டார்ச் அடித்துக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் மலை இறங்கி, கச்சிராயபாளையத்தில் யாரோ ஒருவர் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டு வந்தான் என்பதைக் களமருதூர்க்காரன்தான் பிறகு கேட்டுச் சொன்னான். வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தான். மேடம் நாற்காலியைக் கொஞ்சம் எங்கள் மேசைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் ஜோடி பாலத்தைக் கவிழ்த்துக் கம்பியை மாட்டியது. வோல்ட்மீட்டரின் ஊசி லேசாக நெளிந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"மேடம், வரல."

"கனெக்‌ஷன் பாரு."

"பாத்துட்டோம் மேடம்."

இரண்டாவது ஜோடி: "எங்களுக்கும் வரல மேடம்." மூன்றாவது: "எங்களோடது செத்த பொணமாட்டம் கெடக்குது மேடம்." களமருதூர்க்காரன் மீட்டரைத் தட்டிப் பார்த்து, "ஏய், எழுந்துருமா," என்று கெஞ்சினான். எங்கள் ஊசியும் எழவில்லை. வரிசையாக எல்லா மேசையிலும் ஊசிகள் பூஜ்யத்தில் தூங்கின. அப்புறம் மெதுவாக, ஒவ்வொருவராக, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மேடமும் பார்த்தார். "இது உன் வெளையாட்டா?"

"இல்ல மேடம். இந்த வாட்டி நான் ஒண்ணுமே பண்ணல மேடம்."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்றவனுக்கு அன்றைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த நாளை நான் ஒரு அண்டாவில் தூக்கிக்கொண்டு வந்து கெடுத்திருக்கிறேன் என்று மட்டும் புரிந்தது. எப்படி என்று புரியவில்லை.

"மேடம், ஒரு நிமிசம்," என்றான் அவன்.

அதற்கப்புறம் அவன் செய்ததை நான் இன்றைக்கும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன். பதறவில்லை. மஞ்சப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து, அதிலிருந்த பேட்டரியை உருவி, வோல்ட்மீட்டரின் இரண்டு கம்பியையும் அதன் இரண்டு முனையில் வைத்தான். ஊசி துள்ளி எழுந்தது. "மீட்டரு நல்லா இருக்குது." தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி வைத்தான். ஊசி எழவில்லை. "தகடு இல்ல." பீக்கரில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பெரிய பாட்டிலிலிருந்து புதிதாக ஊற்றினான். எழவில்லை. "தண்ணியும் இல்ல." ஒவ்வொன்றாக நல்லவர்களை விடுதலை செய்துகொண்டே வந்தான். மிச்சம் இருந்தது பாலம் மட்டும்.

அதைக் கையில் எடுக்கப் போனவன் நின்றான். குனிந்து பார்த்தான்.

"பாய், இங்க பாரேன்."

மேசை விளிம்பிலிருந்து ஒரு எறும்பு வரிசை. சின்னச் சிவப்பு எறும்புகள். அண்டாவில் மிச்சம் இருந்த குழாய்களை நோக்கி, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி, எந்தச் சந்தேகமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. இரண்டு குழாயின் வாயில் ஏற்கெனவே பந்தி நடந்துகொண்டிருந்தது.

"பொட்டாசியம் குளோரைடுக்கு எறும்பு வராது பாய்," என்றான் மெதுவாக. "இதுல இன்னா போட்டீங்க?"

"எங்கம்மாதான்..." என்று தொடங்கிய நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். எல்லாம் விளங்கிவிட்டது. "சக்கர," என்றேன்.

களமருதூர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "மேடம், இது பேட்டரி இல்ல மேடம், பலகாரம்!" மேடம் கையைத் தூக்கியதும் அடங்கினான். அவர் பார்வை என்மேல் இல்லை. என் கூட்டாளியின் மேலேயே இருந்தது.

"சரி. சக்கரைன்னு கண்டுபுடிச்சிட்ட. அதனால என்ன? சக்கரையும் தண்ணில கரையுது, உப்பும் கரையுது. ஏன் அது பாலம் ஆகும், இது ஆகாது?"

அவன் வாயைத் திறந்தான். "தி ஷுகர்..." என்று தொடங்கினான். "தி ஷுகர் ஈஸ்..." நின்றுவிட்டது.  வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"தமிழ்லயே சொல்லு," என்றார் மேடம். "ஒனக்குப் புரிஞ்சிருக்கான்னுதான் எனக்குத் தெரியணும்."

அவன் மூச்சை விட்டான்.

"உப்பு தண்ணில போட்டா ரெண்டா ஒடைஞ்சிடுது மேடம். ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். ரெண்டும் நடக்கும். சக்கர கரையுது, ஆனா ஒடையல. முழுசா அப்புடியே மெதந்துகினு கெடக்குது. அதுல பிளஸ்ஸும் இல்ல, மைனஸ்ஸும் இல்ல. அது நகந்தாலும் எதையும் தூக்கிகினு போவாது."

"கம்பிலதான எலக்ட்ரான் போவுது? அங்க வழி நல்லாத்தான இருக்கு? பாலம் எதுக்கு?"

இதுதான் எனக்குப் புரியாத இடம். நானும் காதைக் கொடுத்தேன்.

"மேடம், காலைல கச்சிராயபாளையத்துல பாத்தேன். மரம் விழறதுக்கு முன்னாடி மேலேருந்து எறங்கி வந்த ஜீப்பு, பஸ்ஸு எல்லாம் அங்கயே நின்னுகினு இருக்குது. எறங்க ஒரு ரோடு, ஏற ஒரு ரோடுன்னு வெச்சுக்கோங்க மேடம், எறங்கற ரோட்ல மரமே இல்ல, சுத்தமா இருக்குது. ஆனா திரும்பி மேல போற வழில மரம் கெடக்குது. எறங்கனது திரும்ப ஏற முடியலன்னா, மேல வண்டி தீந்துடுது. கீழ நிறுத்தவே எடமில்ல. அப்பறம் எறங்கற ரோடு எவ்ளோ நல்லா இருந்து இன்னா? ஒரு வண்டியும் ஓடாது." கையால் இரண்டு பீக்கரையும் காட்டினான். "எலக்ட்ரான் இந்தப் பக்கத்துலேருந்து கம்பில அந்தப் பக்கம் போயிடுது. இங்க பிளஸ் சேந்துகினே போவுது, அங்க மைனஸ் சேந்துகினே போவுது. கீழ ஒரு வழில அத சரி பண்ண ஆளு நடக்கணும். அதான் பாலம். சக்கர போட்டா, வழில மரத்த வெட்டிப் போட்ட மாதிரி."

வகுப்பில் பாதிப் பேருடைய அண்ணனோ சித்தப்பாவோ அந்த மரத்தை வெட்டியவர்கள். களமருதூர்க்காரன் தலையை ஆட்டி, "சரியாத்தான் சொல்றான்," என்றான்.

"இப்ப அகரு இல்ல. என்ன பண்ணுவ?" என்றார் மேடம். விடமாட்டார்.

அவன் ஒரு வடிதாளை எடுத்தான். நீளமாகக் கிழித்து, நாலாய் மடித்தான். லேப் பாட்டிலில் இருந்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அதை முக்கி எடுத்தான். சொட்டச் சொட்ட ஒரு முனை இந்தப் பீக்கரிலும் ஒரு முனை அந்தப் பீக்கரிலும் இறங்கும்படி வைத்தான். ஊசி எழுந்தது. ஏதோ கூப்பிட்டார்கள் என்பது போல எழுந்து, ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. நின்றேவிட்டது. படுக்கவில்லை.

நான் கைதட்டிவிட்டேன். லேபில் கைதட்டக் கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தட்டவேண்டி வரும் என்று யாரும் நினைக்கவில்லை போல. எல்லாரும் தட்டினார்கள். என் தலைக்குள்ளும் ஏதோ ஒரு ஊசி எழுந்து நின்றது. இத்தனை நாள் மேடம் சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும் நான் எழுதிக்கொண்டதும் ஒரே விஷயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேடம் எழுந்து வந்தார். மீட்டரைப் பார்த்தார், வடிதாளைப் பார்த்தார்.

"ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்ல நானே சொல்லிடறேன், ஆளு வரலன்னு," என்றார். "இங்கிலீஷ் ஒரு பெரிய விஷயமில்ல. சாயங்காலம் சாயங்காலம் எங்கிட்ட வா, எழுதிப் பழகலாம். புரியறதுதான் கஷ்டம், அது ஒனக்கு வந்துடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு. ஒன்ன வேணா அனுப்பட்டுமா?"

"வேணாம் மேடம். நான் போனா ஹிஸ்டரி மாறிடும்."

அவர் சிரித்தார். நான் பார்த்த இரண்டாவது சிரிப்பு.

மத்தியானம் அவனைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்குத் துளி வருத்தமில்லை.

"காலேஜ் மருந்த எஞ்சட்டில போடச் சொல்றியே, நாளைக்கி அதுல சோறு ஆக்க வேணாமா? பொட்டலத்த அப்பவே வெளிய கொட்டிட்டேன். வெறுங் கடல்பாசி வாயில வெக்க முடியாது, அதான் சக்கரையும் ஏலக்காயும் போட்டு வடிகட்டுனேன். பசங்க சாப்பிடறதுக்குக் கொண்டு போறாங்கன்னு நெனச்சேன்."

"குழாய்ல ஊத்தியாம்மா சாப்பிடுவாங்க?"

"காலேஜ்ல எப்புடி சாப்பிடுவாங்கன்னு எனக்கின்னா தெரியும்?" அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். "இந்தத் தம்பி கண்டுபுடிச்சிச்சா? எப்படிப்பா?"

"எறும்பு சொல்லிச்சும்மா," என்றான்.

"ஏலக்கா ஜாஸ்தி போட்டிருந்தேன்ல, அதான் வந்திருக்கும்," என்றார் அம்மா, தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டு.

மாலையில் ஊருக்குள் செய்தி வந்தது, மலை ரோட்டில் மரங்களை எடுத்துவிட்டார்கள் என்று. பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வெள்ளிமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஒரு வாரம் காத்திருந்த கூட்டம் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தது. கூரைமேல் மூட்டைகள், கோழிக் கூடை, ஒரு தையல் மெஷின். நான் அவனை முன்னால் தள்ளினேன்.

"ஏறு மலை, படிலயாச்சும் தொங்கிகினு போ. உங்கப்பன் காத்துகினு இருப்பாரு."

அவன் ஏறவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன் படிக்குப் போய், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரைக் கூப்பிட்டான். மலை ஊர்களில் எல்லா வீட்டையும் தெரிந்த கண்டக்டர் அவர்.

"அண்ணே, வெள்ளிமலைல எங்கப்பன் நிப்பாரு. நான் மாறலன்னு சொல்லிடுங்க."

"இன்னாத்த மாறல?"

"அவருக்குத் தெரியும்ணே."

"நீயே வந்து சொல்லேன்டா, பஸ்ஸு போவுதில்ல?"

"நாளைக்குக் காலைல லேப் இருக்குதுண்ணே," என்றான்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே தலையை ஆட்டினார். பஸ் நகர்ந்தது. முன் படியில் நின்றபடியே அவர், பக்கத்தில் நின்ற ஒரு மலைக்காரரிடம் எங்களைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அந்த ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்து, பல் எல்லாம் தெரியச் சிரித்தார்.